ஜிம்மா, ஓட்டமா, சாப்பாட்டைக் குறைப்பதா? வாரம் நாலு மணி நேரம் மட்டும் இருப்பவருக்கு ஒரு கணக்கு

"உடம்பைக் குறைக்கணும்" என்று ஆபீஸில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், மூன்று கட்சிகள் கிளம்பிவிடும். ஜிம்முக்குப் போகிற கட்சி, "ஓடினா தசைதான் கரையும், வெயிட் தூக்கு" என்னும். ஓடுகிற கட்சி, "காசைக் கொட்டி ஏசி ரூமுக்குள்ள எதுக்கு அடைஞ்சு கிடக்கிற, ஒரு நல்ல ஷூ வாங்கிக்கிட்டு காலையில அஞ்சரைக்கு வா" என்னும். மூன்றாவது கட்சி தூக்கவும் தூக்காது, ஓடவும் ஓடாது. மதியம் டப்பாவில் வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எல்லாம் வாயிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நம் தட்டில் இருக்கிற வடையைப் பார்க்கும். மூவர் பேச்சிலும் விஷயம் இருக்கிறது. எதை முதலில் பிடிப்பது, எதைப் பிறகு சேர்ப்பது என்பதில்தான் ஆளாளுக்குக் குழம்புகிறார்கள்.

கணக்குப் போட ஒரு ஆள் வேண்டும். கற்பனை ஆள்தான், ஆனால் சென்னையில் பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நின்றால் ஐந்து நிமிடத்தில் இவரைப் போல நூறு பேரைப் பார்த்துவிடலாம். வயது 38, உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ, இடுப்பு 98 செ.மீ. கை கால் ஒல்லி, நடுவில் மட்டும் தொப்பை. போன தடவை எடுத்த ரத்தப் பரிசோதனையில் சுகர் 'பார்டர்' என்று வந்திருக்கிறது. குழந்தை, இஎம்ஐ, டிராஃபிக் எல்லாம் போக வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்க முடியும், அதற்கு மேல் சத்தியமாக முடியாது.

இவருடைய பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற எண், 28.4. உலக அளவில் பொதுவாகப் பயன்படுத்துகிற அளவுகோலில் 30-ஐத் தாண்டினால்தான் பருமன், அதனால் இவர் 'கொஞ்சம் எடை கூடியவர்' என்ற அளவில் தப்பித்துவிடுவார். நம் நாட்டு மருத்துவர்கள் அப்படி விடுவதில்லை. 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன், இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்குமே பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். ஒரே உயரத்துக்கு ஒரே எடை என்றாலும் நமக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும், அதிலும் அந்தக் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே போய் உட்காரும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும் நம் ஊரில் சுகர் வருகிறதே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் அந்த 2004 படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

ஆக, நம் ஆளுக்கு வேண்டியது வெறும் எடைக்குறைப்பு இல்லை. வயிற்றுக் கொழுப்பு இறங்க வேண்டும், ஏற்கெனவே குறைவாக இருக்கிற தசை இன்னும் குறையக் கூடாது, முடிந்தால் கூட வேண்டும், சுகர் பின்வாங்க வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று கட்சிகளையும் பார்ப்போம்.

முதலில் கிலோ கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. பத்து கிலோ குறைக்க 77,000. சரி, ஓடியே இதைக் கரைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கலோரி. 82 கிலோ ஆள் 5 கி.மீ. ஓடினால் 410. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கொஞ்சம் செலவாகியிருக்குமே, அதைக் கழித்தால் 360 தேறும். வாரம் மூன்று நாள் ஓடினால் 1,100-க்குக் கொஞ்சம் குறைவு. பத்து கிலோவுக்கு எழுபது வாரம், அதாவது ஒன்றே கால் வருஷத்துக்கும் மேல், அதுவும் ஒரு வாரம்கூட விடாமல், ஓடிவிட்டு வந்து ஒரு வாய்கூடக் கூடுதலாகச் சாப்பிடாமல். இந்த இரண்டாவது நிபந்தனைதான் நடக்காத காரியம். ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகர் பக்கம் ஓடி முடித்தவர்கள் நேராக எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். நெய் பொங்கல், ஒரு வடை, ஒரு காபி, ஓடிய ஓட்டத்துக்கான கலோரி பதினைந்தே நிமிடத்தில் வட்டியோடு உள்ளே போய்விடும். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களில் பல பேர் எடை குறைப்பதற்காக ஓடுகிறவர்களே இல்லை, ஓட்டம் பிடித்திருக்கிறது, ஓடுகிறார்கள், பொங்கலும் பிடித்திருக்கிறது.

எடைப்பயிற்சியில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். முக்கால் மணி நேரம் ஜிம்மில் இருந்தாலும் பாதி நேரம் செட்டுக்கு நடுவில் ஓய்வுதான். கழித்துப் பார்த்தால் 200 கலோரி பக்கம் நிற்கும். வாரம் மூன்று நாள் போனால் 600. பத்து கிலோவுக்கு இரண்டரை வருஷம். "தசை வளர்ந்தா சும்மா தூங்கும்போதே கொழுப்பு எரியும் பாஸ்" என்று ஜிம் வரவேற்பறையில் சொல்வார்கள். ஒரு கிலோ தசை ஓய்வாக இருக்கும்போது ஒரு நாளைக்கு எரிப்பது ஏறக்குறைய 13 கலோரி. கஷ்டப்பட்டு இரண்டு கிலோ தசை ஏற்றினால் தினம் 26 கலோரி, அரை இட்லி. இதை நம்பி ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். கட்டுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, அதற்கு வருகிறேன்.

சாப்பாடு? ஒரு நாளைக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500. பத்து கிலோவுக்கு 22 வாரம். உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறையும் என்பதால் நிஜத்தில் ஏழு எட்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. அந்த 500 எங்கே இருக்கிறது என்று தேடப் பெரிய டயட் சார்ட் எதுவும் வேண்டாம். மூன்று காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 100-க்கு மேல். சாயங்காலம் டீக்கடையில் இரண்டு வடை அல்லது பஜ்ஜி, 250. மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சாதம் போடுகிறோமே, மூன்று தடவையும் போடலாம், ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி குறைத்தால் 130 போய்விடும். சரி, முடிந்தது. சாதத்தை அடியோடு நிறுத்துகிறேன் என்று சபதம் எடுக்கிறவர்கள் மூன்றாவது வாரம் கல்யாண வீட்டு இலையில் உட்கார்ந்து அதுவரை விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலை வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கும், உற்சாகமாக இருக்கும், அது பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது, அது ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். "ஏழே நாளில் மூன்று கிலோ" விளம்பரங்கள் எல்லாம் பிழைப்பது இந்தத் தண்ணீரை வைத்துத்தான்.

அப்படியானால் வெள்ளரிக்காய் கட்சியில் சேர்ந்துவிட்டால் போதாதா? தராசு முள் மட்டும்தான் குறி என்றால் போதும். ஆனால் உடற்பயிற்சி எதுவும் இல்லாமல் பட்டினி போட்டு இறக்கிய எடையில் தோராயமாகக் கால் பங்கு கொழுப்பே இல்லை, அதில் தசையும் சேர்ந்துதான் போகிறது. பத்து கிலோ இறங்கினால் இரண்டரை கிலோ அப்படிப் போகும். தசை குறைவான உடல்வாகு நம்முடையது என்று மேலே பார்த்தோம், இருக்கிற கொஞ்சத்தையும் இப்படி இழக்கலாமா? ஒரு வருஷம் கழித்து எடை திரும்ப ஏறும்போது (பல பேருக்கு ஏறத்தான் செய்கிறது) அது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும். இரண்டு முறை இப்படி இறங்கி ஏறினால், அதே 82 கிலோவில் முன்பைவிடத் தொப்பை பெரிதாகவும் தோள் சின்னதாகவும் இருக்கிற ஆளாக ஆகிவிடுவோம். "இளைச்சுட்டேன், ஆனா முகமெல்லாம் வாடிப்போய் நோயாளி மாதிரி இருக்கேனாம்" என்று புலம்புகிறவர்கள் இந்த வகை.

எடைப்பயிற்சிக்கு நான் வோட்டுப் போடுவது இதனால்தான். அது கலோரி எரிப்பதற்கு இல்லை. சாப்பாட்டைக் குறைக்கும்போது உடம்பு எதைச் செலவழிக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல்வதற்கு. தொடைக்கும் முதுகுக்கும் வாரம் இரண்டு தடவை வேலை கொடுத்து, போதுமான புரதமும் கொடுத்தால், உடம்பு அந்தத் தசையை விட்டுக்கொடுக்காமல் கொழுப்பைப் பார்த்துக் கை வைக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரே நேரத்தில் கொழுப்பு இறங்கித் தசை கொஞ்சம் ஏறுவதும் நடக்கும். இன்னொன்று, நாம் சாப்பிடுகிற சாதத்தின் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கு போய்ச் சேருகிற இடம் தசை, அதனால் தசை கூடினால் சுகருக்கும் நல்லது.

ஜிம்முக்கும் ஓட்டத்துக்கும் நேருக்கு நேர் வைத்த போட்டி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகம் நடத்தியது, 2012-இல் வெளியானது. எடை கூடியவர்களை மூன்று குழுவாகப் பிரித்து எட்டு மாதம் ஒரு குழுவை ஓட்டம் போன்ற பயிற்சியில், ஒரு குழுவை எடைப்பயிற்சியில், ஒரு குழுவை இரண்டிலும் போட்டார்கள். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஓடிய குழு சராசரியாக 1.76 கிலோ இழந்தது. எடை தூக்கிய குழு 0.83 கிலோ கூடியது, கூடியது தசை. இரண்டும் செய்தவர்கள் 1.63 கிலோ இழந்தார்கள், கூடவே தசையும் ஏற்றிக்கொண்டார்கள், ஆனால் அதற்கு இரண்டு மடங்கு நேரம் செலவழித்தார்கள். ஓட்டக் கட்சி இதைக் காட்டி வெற்றி விழா கொண்டாடும். எட்டு மாதத்துக்கு இரண்டு கிலோகூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். சாப்பாட்டைத் தொடாமல் எதைச் செய்தாலும் கிலோ கணக்கில் கிடைப்பது இவ்வளவுதான்.

ஆனால் ஓட்டத்தை, அதன் தம்பியான வேக நடையை, கிலோ கணக்கை வைத்து எடை போடுவது அநியாயம். அது வேலை செய்கிற இடமே வேறு. நம் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. சுகர் பார்டரில் இருந்தவர்களை எடுத்து, ஒரு குழுவுக்குச் சாப்பாட்டில் சில மாற்றங்களும் தினசரி அரை மணி நேர நடை போன்ற பழக்கமும் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில், இப்படிச் சொல்லிக்கொடுக்காத குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39.3 சதவீதம். இவர்களுக்குச் சராசரி எடை குறையவே இல்லை என்பதுதான் இதில் முக்கியமான சங்கதி. தராசில் எதுவும் நடக்கவில்லை, உள்ளே நிறைய நடந்திருக்கிறது. மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறுவது, பி.பி. இறங்குவது, ராத்திரி படுத்ததும் தூக்கம் வருவது எல்லாம் இந்தப் பக்கத்து வரவு. எடை மட்டும் தூக்கி, நடக்காமல் ஓடாமல் இருக்கிற ஜிம் பையன் கண்ணாடியில் நன்றாக இருப்பான், பஸ் பிடிக்க நூறு மீட்டர் ஓடினால் நாக்குத் தள்ளிவிடும்.

அப்புறம், ஓட்டத்துக்கு நம் ஊர் ஒத்துழைக்கிறதா என்ற கேள்வி. கடற்கரை ஓரம் வீடு இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. மற்ற இடங்களில் நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் ட்ரான்ஸ்ஃபார்மர் நிற்கும், இளநீர் வண்டி நிற்கும், பைக் ஏறி வரும். விடிவதற்கு முன் கிளம்பினால் தெருநாய், விடிந்த பிறகு கிளம்பினால் ஏப்ரல் மே மாதங்களில் ஆறரை மணிக்கே வியர்வை கொட்டும், நவம்பரில் தெருவே தெரியாது. பெண்கள் விஷயத்தில் இருட்டு, முறைக்கிற கண்கள் என்று இன்னும் இரண்டு சேரும். 2023-இல் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதையைத் தொடங்கியது நல்ல காரியம், பக்கத்தில் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்கு ஏரிக்கரை, பள்ளி மைதானம், அடுக்குமாடிக் குடியிருப்பின் உள் சாலை. எதுவும் இல்லையென்றால் ஜிம் ட்ரெட்மில், கொஞ்சம் போரடிக்கும், பரவாயில்லை.

முழங்கால் பற்றி ஒரு வார்த்தை. ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று சித்தப்பா சொல்வார். பொழுதுபோக்காக அளவோடு ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் வருவது, ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களைவிடக் குறைவு என்பதுதான் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் தெரிந்தது. சித்தப்பா பாதி சரி என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 82 கிலோ உடம்போடு, பத்து வருஷம் நாற்காலியில் இருந்த கால்களோடு, முதல் நாளே 5 கி.மீ. ஓடினால் மூன்றாவது வாரம் முன்னங்கால் எலும்போ குதிகாலோ பிடித்துக்கொள்ளும், அத்தோடு ஷூ அலமாரிக்குப் போய்விடும். தேய்மானம் வேறு, அவசரப்பட்டு வருகிற வலி வேறு. 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் சோஃபாவில் கிடப்பவர்களை 5 கி.மீ. ஓட வைக்க ஒன்பது வாரத் திட்டம் ஒன்று போட்டார், வாரம் மூன்று நாள்; முதல் வாரத்தில் ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாறி மாறி இருபது நிமிடம்தான். அந்த வேகத்தில் போனால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். கூட வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், அவ்வளவுதான் விதி.

ஜிம் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. சேர்ந்த அன்றே ஒரு வருஷத்துக்குக் கட்டினால் பாதி விலை என்பார்கள். பாதி விலைக்குக் காரணம், கட்டிவிட்டு வராமல் போகிறவர்கள். புறநகரில் சின்ன ஜிம்களில் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கேட்கிற இடங்கள் இருக்கின்றன, முதல் மூன்று மாதம் மாதக் கட்டணத்திலேயே போங்கள், ஆண்டுக் கணக்கில் கொஞ்சம் நஷ்டமானாலும் பரவாயில்லை. அடுத்தது டிரெய்னர் எழுதித்தருகிற சார்ட். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் கை என்று ஆறு நாள், அது மேடையேறுகிறவர்களின் சார்ட், வாரம் இரண்டு நாள் வருகிற குடும்பஸ்தனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒரு நாள் வராவிட்டால் அந்த வாரம் முதுகே இருக்காது. இரண்டு நாளும் முழு உடம்புக்கும் வேலை கொடுக்கிற மாதிரி கேளுங்கள்: ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) வகையில் ஏதாவது ஒன்று, நெஞ்சால் தள்ளுவது ஒன்று, முதுகால் இழுப்பது ஒன்று, தலைக்கு மேலே தூக்குவது ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று செட், எட்டு முதல் பன்னிரண்டு தடவை. ஒரு சின்ன நோட்டில் எவ்வளவு தூக்கினோம் என்று எழுதி, பன்னிரண்டு சுலபமாக வந்ததும் இரண்டரை கிலோ ஏற்றுவது. ஒரே எடையை ஒரு வருஷம் தூக்கினால் முதல் இரண்டு மாதத்துக்கு அப்புறம் உடம்புக்குச் செய்தி எதுவும் போவதில்லை.

ஜிம்மே வேண்டாம் என்பவர்களுக்குத் தண்டாலும் பஸ்கியும் (நம் ஊர் ஸ்குவாட்) இருக்கின்றன. தாத்தா காலத்து ஆட்கள் வெறும் தரையில் இதை வைத்தே தேறினார்கள், கர்லாக்கட்டை கூடுதல். தரையில் தண்டால் வரவில்லையென்றால் சுவரில், அப்புறம் மேஜை விளிம்பில், அப்புறம் தரையில். வீட்டில் சிரமமாக இருக்கிற ஒரே விஷயம் இழுக்கிற பயிற்சி. அதற்கு ஒரு ரப்பர் பேண்ட் வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ளலாம். முதுகில் ஒரு பையும் அதற்குள் ஐந்து கிலோ அரிசி மூட்டையும் இருந்தால் பஸ்கியும் கனமாகிவிடும்.

புரதம் இல்லாமல் இதெல்லாம் வீண் என்பதால் அதையும் பார்த்துவிடுவோம். எடைப்பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை நல்லது. நம் ஆள் 72 கிலோவுக்கு வர நினைக்கிறார் என்றால் 86 கிராமுக்குக் குறையக் கூடாது. காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி மூன்று தோசை என்றால் நாற்பது தேறுவதே பாடு. அசைவக்காரருக்குத் தப்பிக்க வழி சுலபம்: மூன்று முட்டையில் 18, எண்ணெயில் பொரிக்காத கோழி 150 கிராமில் 40 பக்கம், இரண்டு கிண்ணம் தயிரில் பத்து. சைவக்காரர் சுண்டலையும் பயறையும் தினசரி விஷயமாக ஆக்க வேண்டும், நவராத்திரிக்கு மட்டும் என்றில்லாமல்; 40 கிராம் சோயா உருண்டையில் 20 கிராம் புரதம் வந்துவிடும், 100 கிராம் பனீரில் ஏறக்குறைய அதே அளவு. புரதப் பவுடர் கெட்டதும் இல்லை, மந்திரமும் இல்லை, பால் பொருள்தான், மேலே சொன்னதில் எட்டாத பாக்கிக்கு ஒரு ஸ்கூப். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் இந்தப் பத்தியை டாக்டரிடம் காட்டாமல் செயல்படுத்தக் கூடாது.

இப்போது நம் ஆளின் நாலு மணி நேரத்தைப் பங்கு போடலாம். வாரம் இரண்டு நாள், தலா ஐம்பது நிமிடம் எடைப்பயிற்சி. நாலு நாள், தலா முப்பத்தைந்து நிமிடம் வேக நடை, முடிந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏனென்றால் சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையை அந்த நடை நன்றாக அடக்கும். சாப்பாட்டில் அந்த 500. ஓட்டத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். ஐந்து ஆறு கிலோ இறங்கி, தொடையில் கொஞ்சம் பலம் வந்த பிறகு நாலு நடையில் இரண்டை ஓட்டமும் நடையுமாக மாற்றினால் போதும், மூட்டு திட்டாது, ஓட்டமும் சுகமாக இருக்கும். ஷூ செலவும் அதுவரை மிச்சம். வாரம் 15 கி.மீ. ஓடுகிற நிலைக்கு வந்தால் வருஷத்துக்கு ஒரு ஜோடி கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. அந்த இரண்டு நாளைத்தான் நம் ஊரில் வாக்கிங் போகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. பி.எம்.ஐ. 23-க்குள் இருந்து தொப்பை மட்டும் துருத்துகிறவர் 500 கலோரி வெட்டினால் எலும்பும் தோலுமாகிவிடுவார். அவர் வடையையும் சர்க்கரையையும் மட்டும் விட்டுவிட்டு, புரதத்தை ஏற்றி, எடைப்பயிற்சியை வாரம் மூன்று நாளாக்கட்டும். 110 கிலோவில் இருப்பவருக்கு ஓட்டம் பேச்சே வேண்டாம், சாப்பாடும் நடையும் டாக்டரும்தான் முதல் ஆறு மாதம், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே அவருக்குப் பஸ்கி. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர் திடீரென்று பயிற்சியையும் கூட்டி சாப்பாட்டையும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், மருந்தளவைப் பேசிவிட்டுத் தொடங்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால், நாற்பதை நெருங்குகிறவர் ஓட்டத்துக்கு முன் இதயத்தைச் சோதித்துக்கொள்வது பயம் இல்லை, புத்தி.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எடைப்பயிற்சியை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். நம் வீட்டு அம்மாக்களுக்கு நடை மட்டுமே சொல்கிறோம், அவர்களும் கோயிலைச் சுற்றி, மொட்டை மாடியைச் சுற்றி நடக்கிறார்கள், நடக்கட்டும், ஆனால் எலும்புக்கு அது போதாது. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை, நேரடிக் கண்காணிப்பில், வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் நல்ல கனமான எடை தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது; வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இந்த முடிவு 2018-இல் வெளியானது. "அம்மாவுக்கு எதுக்கு வெயிட்டெல்லாம்" என்கிறவர்கள், ஒரு வாளித் தண்ணீரை மாடிக்குத் தூக்கியது இத்தனை வருஷமும் யார் என்று யோசிக்கலாம். பொறுமையாகச் சொல்லித்தருகிற டிரெய்னர் கிடைப்பதுதான் கஷ்டம், கிடைத்தால் அந்தச் செலவு நியாயமான செலவு.

நாலாவதாக ஒரு கட்சியும் இப்போது வந்துவிட்டது, ஊசிக் கட்சி. மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, வீகோவி அதே ஆண்டு ஜூனில். பசியைக் குறைக்கும், எடையும் நிஜமாகவே நன்றாக இறங்கும், தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல மருந்து, யாருக்குத் தேவை என்பது டாக்டர் முடிவு. ஆனால் பசி போனதும் முதலில் தட்டிலிருந்து காணாமல் போவது புரதம், இறங்குகிற எடையில் தசையும் சேர்ந்துதான் இறங்கும், ஊசியை நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிறது. ஊசி போடுகிறவருக்கு அந்த வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சி மற்றவர்களைவிடக் கூடுதல் அவசியம், குறைவு இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று மாதம் கொடுங்கள். தொடங்கும்போது தொப்புள் உயரத்தில் இடுப்பளவு, ஒரு மூச்சில் எத்தனை தண்டால், 2 கி.மீ. நடக்க எத்தனை நிமிடம், எச்.பி.ஏ.1.சி. எவ்வளவு என்று எழுதி வையுங்கள். கடைசியில் சொன்னது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனை, அதனால் ஒரு மாதத்திலேயே ஓடிப்போய் எடுப்பதில் காசுதான் நஷ்டம். மூன்று மாதம் கழித்து எடை அப்படியே இருந்து இடுப்பு மூன்று செ.மீ. குறைந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், கொழுப்பு போன இடத்தில் தசை வந்திருக்கிறது. எடை இறங்கி, தண்டால் எண்ணிக்கையும் இறங்கியிருந்தால் சாப்பாட்டை அளவுக்கு மேல் வெட்டியிருக்கிறீர்கள். இரண்டுமே அசையவில்லையென்றால் இன்னொரு நாள் ஜிம்மோ இன்னொரு கிலோமீட்டரோ சேர்க்காதீர்கள். ஒரு வாரம் வாயில் போடுகிற எல்லாவற்றையும், நின்றபடியே அள்ளிப் போடுகிற மிக்சர் உட்பட, எழுதிப் பாருங்கள்.